மஞ்சள் தொட்டி

ஜூன் 9, ஞாயிறு

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் நானில்லை. மீன் கடைக் கணக்கையே என் மனைவி வேதாதான் எழுதுகிறாள். ஆனால் ஆகஸ்ட் 11 அன்று எங்கள் வண்ணமீன்காரர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். போன வருடம் அதே கூட்டத்தில் நான் எழுந்து, "மீன் நிறம் தீனியில மட்டும் இல்லீங்க, தரையிலயும் இருக்கு" என்றேன். முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர், "ஆதாரம் இருக்கா தணிகை, இல்ல வாய்தானா?" என்றார். கொளத்தூர் மீன் சந்தையே சிரித்த மாதிரி இருந்தது. இந்த முறை ஆதாரத்தோடு போகப் போகிறேன். அதற்குத்தான் இந்த நோட்டு.

விஷயம் எளிது. வெள்ளைக் கல் போட்ட தொட்டியில் சிவப்பு மீனை விட்டால் அது வெளுக்கும். பளிச்சென்று தெரிந்தால் கொக்கு கொத்திவிடும் என்ற பயம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. நிறத்தை உள்ளே மடக்கி வைத்துக்கொள்ளும். கறுப்புக் கல்லில் விட்டால் தைரியம் வந்து நிறத்தை விரிக்கும். கடைக்காரர்கள் எல்லோரும் கறுப்புக் கல்லில் வைத்துத்தான் விற்கிறோம். வாங்கினவர் வீட்டில் வெள்ளைக் கல்லில் விட்டுவிட்டு, ஒரே வாரத்தில் "சாயம் போயிடுச்சுப்பா" என்று புடவைக் கடைக்கு வருகிற மாதிரி வந்து நிற்பார்.

சிவப்புப் பிளாட்டி மீன் ஒன்று போட்ட குட்டிகளை மூன்று தொட்டியில் பிரித்துவிட்டேன். ஒன்றில் வெள்ளைக் கூழாங்கல். ஒன்றில் கருங்கல் சில்லு. மூன்றாவதில் மஞ்சள் போடப் போகிறேன். வெள்ளையும் கறுப்பும் எவனுக்கும் தெரியும். மஞ்சளைப் பற்றி எவனும் பேசியதில்லை.

மூன்றாவது தொட்டிக்குக் காவல் என் மகள் தனு. முழுப் பெயர் தன்ஷிகா. வயது நாலு. எல்லா மீனுக்கும் பெயர் வைத்துவிட்டாள். ஒன்றுக்கு "கேசரி".

ஜூன் 16, ஞாயிறு

கடையில் விற்கும் மஞ்சள் கல் எதுவும் மஞ்சளாக இல்லை. ஊறுகாய் நிறத்தில் இருக்கிறது. நானே பூசிக்கொள்வதென்று முடிவு செய்தேன். பள்ளித் தோழன் ஜெபராஜ் ரோடு கான்ட்ராக்ட் எடுக்கும் ஒருவரிடம் சூப்பர்வைசர். சாலை நடுவில் கோடு போடுகிற மஞ்சள் பெயிண்ட், பழைய சரக்கு, கிடங்கில் கிடந்தது என்று இரண்டு டின் கொடுத்தான். ஓசி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

என்ன மஞ்சள்! மழையிலும் லாரி டயரிலும் போகாத மஞ்சள், தண்ணீரில் எங்கே போகப் போகிறது? மொட்டைமாடியில் தகரத்தில் கல்லைக் கொட்டிப் புரட்டிக் காயவைத்தேன். ஒட்டிக்கொண்ட கற்களை உரசிப் பிரித்துச் சல்லடையில் சலித்தேன். மஞ்சள் தூள் பறந்தது. தனு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளரில் கல் சேர்த்தாள். முகமெல்லாம் மஞ்சள், கல்யாணப் பெண் மாதிரி.

வேதா மாடிக்கு வந்து கத்தினாள். "ஏங்க, அவ வாயில போட்டுக்கிட்டு இருக்கா, பார்க்கலையா?"

"மண்ணு திங்காத புள்ள எந்த ஊர்ல இருக்கு?" என்றேன். வாயிலிருந்து கல்லை எடுத்துவிட்டேன். எடுத்தேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

வெள்ளைத் தொட்டி மீன்கள் சொன்ன சொல் தவறாமல் வெளுத்துவிட்டன. கறுப்புத் தொட்டி தக்காளி. மஞ்சள் தொட்டியில் மாற்றமில்லை. போட்டோ எடுத்தேன். கூட்டத்தில் அந்தப் பெரிய மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

பெயிண்ட் ஒரு டின்னுக்கு மேல் மீதி. வீணாக்குவானேன் என்று தனுவின் மரக்கட்டிலுக்கு அடித்தேன். அதற்கு முன் பழைய வார்னிஷை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டு கோட். பக்கச்சட்டம், கால், தலைமாடு எல்லாம் மஞ்சள். தனு துள்ளிக் குதித்தாள். "அப்பா, நானும் மஞ்சத் தொட்டி" என்று படுத்துக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினாள்.

வேதா, "நாத்தம் தாங்கல" என்றாள். ஜன்னலைத் திறந்து வைத்தேன். இரண்டு நாளில் போய்விடும்.

ஜூலை 11, வியாழன்

ஒரு அதிசயம். மஞ்சள் தொட்டியில் நான்கு மீன்களுக்கு வால் நுனி கறுத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த கணக்குப்படி வெளிர் தரையில் மீன் வெளுக்க வேண்டும், கறுக்கக் கூடாது. அப்படியானால் மஞ்சளுக்குத் தனி விதி இருக்கிறது. இதுவரை எவனும் கண்டுபிடிக்காத விதி. உடனே போட்டோ எடுத்தேன்.

வேதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "சீக்கு வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. தனுவுக்கு வயிற்று வலி, மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்றாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

தனு சரியாகச் சாப்பிடவில்லை. கடையில் நல்ல கூட்டம்.

ஜூலை 20, சனி

பள்ளியில் மிஸ் வேதாவைக் கூப்பிட்டு அனுப்பினார்களாம். தனு பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டாளாம். வகுப்பில் மேஜைமேல் தலை வைத்துப் படுத்துவிடுகிறாளாம். தெரு முனை டாக்டர் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு, முருங்கைக்கீரை கொடுங்கள் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். என் மாமியார் அரக்கோணத்திலிருந்து வந்து மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுவிட்டுப் போனார்.

பிள்ளை வெளுத்துத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் அறையைப் பாருங்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை டியூப் லைட். அந்த வெளிச்சத்தில் எருமைக் கன்றுகூட வெளுத்துத்தான் தெரியும். டியூப்பைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு போட்டேன். முகத்தில் உடனே களை வந்துவிட்டது. வேதாவிடம், "பார்த்தியா? எல்லாம் பின்னணிதான்" என்றேன்.

அவள், "நீங்க புடிச்ச முயலுக்கு மூணு கால்" என்று சொல்லிவிட்டு பல்பை அணைத்தாள்.

ஜூலை 26, வெள்ளி

தனுவின் கட்டில் பக்கச்சட்டத்தில் வரிசையாகக் கடித்த தடம். பெயிண்ட் பெயர்ந்து உள்ளே மரம் தெரிகிறது. தலையணைப் பக்கம்தான் அதிகம். எலி. கடைத் தீனி மூட்டைக்கு வருகிற எலி மாடிக்கும் ஏறிவிட்டது. பொறி வாங்கி மசால் வடை வைத்தேன்.

கேசரிக்கு வால் முழுவதும் கறுத்துவிட்டது.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஜெபராஜ் கடைக்கு வந்தான். பெருமையாக மஞ்சள் தொட்டியைக் காட்டினேன். மேலே கூட்டிப்போய்க் கட்டிலையும் காட்டினேன். அவன் முகம் மாறிவிட்டது.

"என்னடா தணிகை, இதையா கட்டிலுக்கு அடிச்ச? நான் ஏதோ மொட்டமாடியில கோடு கீடு போடுவேன்னு நெனச்சேன். எங்க ஆளுங்களே மூக்குல துணி கட்டிக்கினு அடிப்பானுங்க. அந்த டின்னு மேல எழுதியிருக்கிறத படிச்சியா இல்லியா?"

"ரோட்டுல நடக்கிற ஜனமெல்லாம் செத்தா போச்சு?"

"ரோட்ட எவன்டா நக்குறான்?" என்றான் ஜெபராஜ்.

அவன் பள்ளியிலேயே பயந்தாங்கொள்ளி. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த முடியுமா? கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள்தான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

டின்களை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். வீட்டில் இடம் அடைக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

மஞ்சள் தொட்டியில் இரண்டு மீன்களுக்கு முதுகு வளைந்துவிட்டது. கேசரி பக்கவாட்டில் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டே இருந்து மதியம் இறந்தது. தண்ணீரில் வேறு குறை இல்லை. மூன்று தொட்டிக்கும் ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே தீனி, ஒரே காற்று. மூன்றையும் ஒரே மாதிரி வைத்தது நான்தான். அப்படி வைத்தால்தான் சோதனை.

தனுவிடம் கேசரி தூங்குகிறது என்றேன். "கேசரின்னா?" என்று கேட்டாள். பெயர் வைத்தவளே அவள்தான். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

வேதா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அந்தத் தொட்டியில மட்டும் ஏங்க சாவுது?"

"வெயில்" என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

தனுவின் கட்டில் சட்டத்துக்குப் பழைய புடவையைக் கிழித்து இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஏன் என்று வேதா கேட்டாள். எலிக்காக என்றேன். வேறு கட்டில் வாங்கலாமே என்றாள். கூட்டம் முடியட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பொறியில் இன்றும் எலி இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

பேச்சைத் தயார் செய்தேன். வெள்ளைக்கும் கறுப்புக்கும் போட்டோ பிரமாதம். மஞ்சள் தொட்டியில் இப்போது மீன் இல்லை. கற்களை வாரி ஒரு சாக்கில் கட்டினேன். தொட்டித் தண்ணீரை வாசல் வேப்பமரத்துக்கு ஊற்றப் போனவன், ஊற்றாமல் சாக்கடையில் ஊற்றினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுதுவதற்கு இப்போது நேரமில்லை.

தனு நாலு முறை வாந்தி எடுத்தாள். ஹோட்டல் இட்லி ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் தனுவுக்குத் தலைவலி. வேதா, "இன்னைக்குப் போகாதீங்க" என்றாள். "ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்" என்று கிளம்பினேன்.

கூட்டத்தில் கைதட்டினார்கள். வெள்ளைத் தொட்டிப் படத்தையும் கறுப்புத் தொட்டிப் படத்தையும் அடுத்தடுத்துக் காட்டியபோது அந்தப் பெரிய மனிதரே எழுந்து வந்து தோளில் தட்டினார். "ஏதோ மஞ்சளும் வச்சிருக்கேன்னு சொல்லிக்கினு இருந்தியே, அது என்னாச்சு?" என்று கேட்டார்.

"தொட்டி உடைஞ்சுபோச்சுண்ணே" என்றேன்.

அந்தச் சொல் வாயில் இருக்கும்போதே போன் அடித்தது. வேதா பேசவில்லை. அலறினாள். தனுவுக்குக் கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகள் தீவிரப் பிரிவு. நேற்று மட்டும் மூன்று முறை இழுப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை. மூக்கில் குழாய், கையில் ஊசி. அவ்வளவு சின்னக் கையில் எப்படி நரம்பு கண்டுபிடித்தார்களோ.

டாக்டரம்மா சின்னப் பெண். பொறுமையாகக் கேட்டார். காய்ச்சல் இருந்ததா? கீழே விழுந்தாளா? பூச்சிக்கொல்லி ஏதாவது குடித்திருப்பாளா? வீட்டில் பேட்டரி வேலை, நகை வேலை, பெயிண்ட் வேலை ஏதாவது நடந்ததா?

வேதா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நான் மட்டும்தான் நின்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர். மீன் கடைதான் வச்சிருக்கேன்" என்றேன்.

அவர் மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று சொல்லி அதற்கான மருந்தை ஏற்றச் சொன்னார். ராத்திரி இதை எழுதும்போதும் அந்த மருந்துதான் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது தவறான மருந்து என்று அந்தக் கட்டிடத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரியும் என்று எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்து அழிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

விடிந்ததும் வேதா துணி எடுத்து வர வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே டாக்டரம்மாவிடம் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் கொட்டினாள். மஞ்சள் கற்கள். தனு தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்தாளாம். எல்லாவற்றிலும் மஞ்சள் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி சப்பிச் சப்பி வெறும் கல்லாக இருந்தது.

"இந்தக் கல்லு கெடந்த தொட்டியில ஒரு மீன் மிஞ்சல டாக்டர். வால் கறுத்து, முதுகு வளைஞ்சு, சுத்திச் சுத்திச் செத்துச்சு" என்றாள். "இவ கட்டிலுக்கும் இதே பெயிண்ட்தான் அடிச்சிருக்கு. கட்டிலை இவ கடிச்சிருக்கா. நான் புடவையை அவுத்துப் பார்த்தேன். அது எலிப் பல்லு இல்ல."

டாக்டரம்மா ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நேத்தே கேட்டேனே சார்?"

வேதா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் என் முகத்திலேயே அவளுக்குக் கிடைத்துவிட்டது. பத்து வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. ஈயம். அந்த மஞ்சள் நிறமே ஈயத்தால் வருவது என்றார்கள். இருக்கவே கூடாத அளவுக்கு அவள் உடம்பில் இருக்கிறதாம். ரத்தத்தை வெளுக்க வைப்பது, வயிற்றை முறுக்குவது, படித்ததை மறக்கடிப்பது எல்லாம் அதுதானாம். உள்ளே இருப்பதை இழுத்து வெளியேற்றும் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் இன்று காலையில் வந்த இழுப்பு வந்திருக்காது என்று நர்ஸம்மா வேதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தனுவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டுக்கு இல்லை. அந்த வீட்டில் துடைக்கிற துணிவரை எல்லாவற்றிலும் தூள் இருக்கும், அங்கே கூட்டிப்போகாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இன்னும் பல முறை மருந்து ஏற்ற வேண்டும். மூளையில் எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று இப்போது சொல்ல முடியாதாம். பள்ளிக்குப் போய்ப் படிக்கும்போதுதான் தெரியுமாம்.

வேதாவின் அண்ணன் அரக்கோணத்திலிருந்து வண்டி கொண்டு வந்தார். நான் பையைத் தூக்கப் போனேன். வேதா வாங்கிக்கொண்டாள். "நீங்க வீட்டப் பாருங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 31, சனி

கட்டிலை எரிக்கக் கூடாது, புகையிலும் வரும் என்றார்கள். ஈரத்துணி போர்த்தி, உடைத்து, சாக்கில் கட்டி மாநகராட்சி ஆட்களிடம் கொடுத்தேன். மாடித் தகரம், சல்லடை, மீதி டின் எல்லாம் போயிற்று. தரையை ஈரத்தோடு சுரண்டுகிறேன். ஜெபராஜ் தினமும் வந்து கூட நிற்கிறான். கடையை மூடிவிட்டேன். வெள்ளைத் தொட்டியையும் கறுப்புத் தொட்டியையும் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

சங்கத்திலிருந்து போன் வந்தது. என் பேச்சைச் சங்கத்தின் ஆண்டு மலரில் போடுகிறார்களாம், மஞ்சள் தொட்டியைப் பற்றி இரண்டு வரி சேர்த்துக் கொடுக்க முடியுமா என்றார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அரக்கோணம் போனேன். வேதாவே வரச் சொல்லியிருந்தாள், தனு கேட்கிறாளாம். மாடித் தளத்தின் கடைசி மூலையை நேற்றுவரை சுரண்டினேன். காலையில் குளித்து, புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

வாசலில் உட்கார்ந்திருந்தாள். முடி குட்டையாக வெட்டியிருக்கிறார்கள். இளைத்திருக்கிறாள், ஆனால் உதட்டில் கொஞ்சம் சிவப்பு வந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா, தூக்கு" என்று கையை நீட்டினாள்.

நான் குனிந்துவிட்டேன். அவள் அக்குளுக்கு அடியில் கை கொடுக்கப் போனேன்.

"ஏங்க" என்றாள் வேதா. கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "உங்க நகத்தப் பாருங்க."

பார்த்தேன். இரண்டு கையிலும் நக இடுக்கில் மஞ்சள்.

"அப்பா கை அழுக்கும்மா" என்றேன்.

"கழுவிட்டு வா" என்றாள் தனு.

பின்கட்டுக் குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டேன். தென்னை நார் வைத்துத் தேய்த்தேன். ஊக்கு ஒன்றை வாங்கி ஒவ்வொரு நகமாகக் கிளறினேன். வெளியே எடுக்க எடுக்க உள்ளே இன்னும் மெல்லியதாக ஒரு கோடு தெரிந்தது. விரல் நுனியில் ரத்தம் வந்துவிட்டது. அப்போதும் தெரிந்தது.

வாசலில் தனு நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கையை நீட்டியபடியே இருக்கிறாளாம், வேதாவின் அண்ணி வந்து சொன்னாள்.

"போதும் வாப்பா" என்று தனுவின் குரல் கேட்டது.

"இதோ வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தேன்.